செப்புத் தகட்டில் இடக்கை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் எழும்புவது இடக்கைதான். கதவை அடித்துச் சாத்துவது, மேசையில் தட்டுவது, பஸ்ஸில் இடிக்கிறவனை முழங்கையால் தள்ளுவது எல்லாம் அதன் வேலை. சாப்பிடுவது, எழுதுவது, சிலுவை அடையாளம் போடுவது, ஆட்களுக்குப் பரிமாறுவது எல்லாம் வலக்கை. இந்தப் பங்கீட்டை நான் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் எனக்கு விவரம் தெரியும் முன்னமே, விரல் மொளிகளில் கோடு போடும் அடிமட்டத்தால் தட்டித் தட்டி வீடும் பள்ளிக்கூடமும் சேர்ந்து செய்து முடித்துவிட்டன. அதனால் என் கையெழுத்து இன்றுவரை கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. மொன்றியலின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் கிடங்கில், நான் எழுதி ஒட்டும் துண்டுகளை வாசிக்கத் தனியாக ஒரு படிப்புப் படிக்க வேண்டும் என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

சனிக்கிழமைகளில் கணவருக்கு வேலை இருக்கும். நான் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து காரை எடுத்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் மச்சாள் வீட்டில் மகளை இறக்கிவிட்டு, ஜான்-டலோன் சந்தைக்குப் போவேன். மச்சாள் என் கணவரின் அக்கா. எங்கள் கோயில் பங்கில் முதல் நன்மைக்கு, அதாவது பூசையில் முதல் தடவை அப்பம் வாங்குவதற்கு, பிள்ளைகளை ஆயத்தம் செய்வதும் அவதான். என் மகள் என்றால் அவவுக்கு உயிர். ஒரு சனிக்கிழமை சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது மழை பிடித்தது. பக்கத்துத் தெருவில், முன்பு தையல் தொழிற்சாலையாக இருந்த ஒரு பழைய கட்டடம் திறந்து கிடந்தது. மழைக்குத்தான் உள்ளே ஒதுங்கினேன். மேல் மாடியில் ஒரு அச்சுக்கூடம். ஒருத்தி அச்சு இயந்திரத்தின் பெரிய சில்லுச் சக்கரம் ஒன்றைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். உருளைக்கு அடியில் இருந்து ஈரக் காகிதம் ஒன்று வெளியே வந்தது. அவள் அதை ஒரு மூலையில் பிடித்து மெதுவாக உரித்தாள், அடியில் இருந்து ஒரு குதிரை எழும்பி வந்தது. அவ்வளவுதான். கத்தரிக்காய்ப் பையோடு நின்றபடியே சனிக்கிழமை வகுப்புக்கு என் பெயரைப் பதிந்துவிட்டேன்.

சில்லுச் சுற்றியவள்தான் அங்கே ஆசிரியை. என்னைவிட இளையவள், புருவத்தில் வளையம், நகங்களுக்குள் எப்போதும் மை. அவளுடைய கெபெக் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதியைக் கையால் காட்டுவாள். எச்சிங் என்றால் என்ன என்று அவள் காட்டியதை இப்படிச் சொல்லலாம். செப்புத் தகட்டில் மெல்லிய மெழுகுப் பூச்சு. அதன்மேல் ஊசியால் கீறினால் மெழுகு விலகும், செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் போட, தெரிகிற இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தக் கோடுகளில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். பிரெஞ்சில் இதற்குப் பெயரே 'பலமான தண்ணீர்' என்பதுதான். கீறுகிறவளுக்குப் பலம் தேவையில்லை, பலம் தண்ணீரில் இருக்கிறது.

இதற்கு முன் இருந்தது உளியால் நேராகச் செம்பைச் செதுக்கும் வேலை. அதற்கு உள்ளங்கையை உலோகத்தோடு முட்டுக்கொடுத்து வருடக்கணக்கில் பழக வேண்டும். பழகிய பிறகும் கோடு உளி சொன்னபடிதான் போகும். மெழுகு அப்படியில்லை. பேனா பிடிக்கத் தெரிந்த எவரும் அதில் கீறலாம். பரோக் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டு அளவில், ஓவியர்கள் ஊசியைத் தாங்களே கையில் எடுத்ததற்கு அதுதான் காரணம் என்றாள். அதுவரை செதுக்குத் தொழிலாளியை நம்பி இருந்தவர்கள், இனி யாரையும் கேட்காமல் பிச்சைக்காரனையும் நாயையும் சத்திரத்துச் சண்டையையும் கண்டபடி கீறினார்கள்.

முதல் நாள் அவள் ஊசியை என்னிடம் நீட்டியபோது, "எந்தக் கையால் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. "உனக்கு எந்தக் கை விருப்பமோ, அந்தக் கை" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வசனத்தை என் வாழ்க்கையில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இடக்கை போய் ஊசியை வாங்கிக்கொண்டது. அன்று நான் கீறியது வெறும் கத்தரிக்காய். ஆனால் கோடு நடுங்கவில்லை. கோழி கிளறவில்லை. எனக்கு இப்படி ஒரு கை இருப்பதை இத்தனை வருடமாக மறைத்து வைத்தவர்கள் மேல் வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை.

அந்தப் பனி மாரியில் ஒருநாள் ஆசிரியை எங்களை ஒரு அருங்காட்சியகத்தில் பழைய படங்கள் வைத்திருக்கும் காப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பரோக் என்றால் பொன் பூசிய கோயில்களும் மேகத்தில் புரளும் சிறகுச் சம்மனசுகளும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேசையில் எடுத்து வைத்தவை எல்லாம் கையகலத் தாள்கள். முதல் தாளில் குழந்தை யேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடும் திருக்குடும்பம். இரவு. முக்கால்வாசி கறுப்பு. சூசையப்பர் கையில் ஒரு லாந்தர். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கறுப்பு மை கொட்டிச் செய்தது இல்லை, குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள். லாந்தரின் வெளிச்சம் வெறும் காகிதம். அங்கே ஒன்றுமே கீறவில்லை.

"யாரை எப்போது அமிலத்தில் இருந்து காப்பாற்றுகிறாய் என்பதுதான் இதில் கதை" என்றாள் ஆசிரியை. தகட்டைக் கொஞ்ச நேரம் அமிலத்தில் வைத்து எடுக்க வேண்டும். வெளிச்சத்தில் நிற்க வேண்டியவர்கள் மேல் வார்னிஷ் பூசி மூட வேண்டும். பிறகு மீதியை மறுபடி அமிலத்தில் விட வேண்டும். விட விட அது ஆழமாகும், கறுக்கும். வண்ணம் பூசுகிறவன் யாருக்கு வெளிச்சம் என்பதைக் கடைசியில்கூட மாற்றலாம். தகட்டில் கீறுகிறவன் அதை ஆரம்பத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்தத் தாளில் அவன் ராசாவையோ சம்மனசையோ காப்பாற்றவில்லை. ஒரு தாயின் கன்னத்தையும் கழுதையின் மூக்கையும் காப்பாற்றி இருந்தான்.

இன்னொன்றும் காட்டினாள். அந்தக் குடும்பம் இடப்பக்கம் நோக்கிப் போகிறது. இடமிருந்து வலம் வாசித்துப் பழகிய கண்ணுக்கு வலப்பக்கம் போகிறவர்கள் சுலபமாகப் போவது போலத் தெரியும், இவர்கள் எதிர்க்காற்றில் போவது போல இருக்கிறார்கள். தகட்டில் அவன் அவர்களை வலப்பக்கம் போகத்தான் கீறியிருப்பான். அச்சில் எல்லாம் கண்ணாடியில் போலத் திரும்பிவிடும். அவன் திருத்தவில்லை. நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டான் போல. படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரை விட்டு ஓடி வந்தவள் ஏதாவது சொல்லுவாள் என்ற எதிர்பார்ப்பு. நான் வாயே திறக்கவில்லை. அந்தக் கதை எனக்குச் சொல்ல விருப்பமான நேரத்தில் வரும், கேட்கிறவர்களின் ஆசைக்கு இல்லை.

ஆனால் அடுத்த தாளைக் கண்டதும் என்னை அறியாமல், "ஐயோ மாதாவே!" என்று கத்திவிட்டேன். அதில் குருமாருக்கெல்லாம் பெரியவரான ஒரு மேற்றிராணியார் இடக்கையால் ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். இடக்கையால்! எங்கள் ஊரில் என்றால் பூசையே நின்றிருக்கும். ஆசிரியை சிரித்தாள். இந்தக் காலத்து எச்சிங்குகளில் இது நிறைய உண்டு என்றாள். இடக்கையால் வாள் உருவுகிறவன், இடக்கையால் சீட்டுப் போடுகிறவன். உளியால் செதுக்கிக் கோயில்களுக்குப் படம் செய்துகொடுத்த தொழிலாளர்கள் பெரும்பாலும் பக்கத்தில் கண்ணாடி வைத்துத் திருத்திக்கொண்டார்கள். ஊசியால் தன் பாட்டுக்குக் கீறிய ஓவியன் பல வேளைகளில் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மேலே இருக்கிறவனுக்குப் பயந்தவன் கண்ணாடி வைத்தான். பயப்படாதவன் வைக்கவில்லை" என்றேன் நான்.

அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது என்று அவள் விளக்கத் தொடங்கினாள். நான் காதில் வாங்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கடைசியாக, ஒரே தகட்டின் இரண்டு அச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதலாவதில் ஒரு சத்திர வாசல். இடம் கேட்டு வந்த ஒருவனைத் துரத்துகிறார்கள், சுற்றி நின்று ஒரு கூட்டம் சிரிக்கிறது. இரண்டாவதில் கூட்டத்தைக் காணோம். ஓவியன் செம்பைச் சுரண்டித் தேய்த்து அவர்களை அழித்துவிட்டான். துரத்தப்பட்டவனும் கதவும்தான் மிச்சம். ஆனால் செம்பு லேசில் மறக்காது. வெறும் நிலத்தில் மெல்லிசாகச் சில வாய்கள் இன்னும் தெரிந்தன. முதலாவது வேடிக்கைக் கதை. இரண்டாவதில் சிரிக்க ஒருவரும் இல்லை. ஒரு கோடு கூடுதலாகக் கீறாமல், சுரண்டியே கதையை மாற்றிவிட்டானே என்று அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு நன்றாகப் பிடித்திருந்த நேரத்தில்தான் எங்கள் பங்கின் தமிழர் ஆண்டு விழா வந்தது. விழாப் பூசை, பிள்ளைகளின் முதல் நன்மை, மதியச் சாப்பாடு எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை. என் மகளும் அந்த வருடம் முதல் நன்மை எடுக்கிறவர்களில் ஒருத்தி. விழாக் குழுத் தலைவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், பனிக்காலத்தில் பாதிப் பங்கைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குகிறவர். ஆனால் எதிலும் ஒழுங்கு பார்ப்பார்.

"பிள்ளை, நீர் ஏதோ செம்பிலை படம் கீறுறீராம். எங்கடை விழா மலருக்கு அட்டைப் படம் ஒண்டு செய்து தாருமன்" என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. திருவிழாச் சாப்பாட்டைக் கீறினேன். மண்டபத்தில் பெண்கள் வரிசையாக நின்று சோறும் கறியும் பரிமாறுகிறார்கள், முன் மேசையில் விழாக் குழுவினர் வேட்டியும் கோட்டுமாக இருந்து சாப்பிடுகிறார்கள். முதலில் காகிதத்தில் கீறி, அதைப் பார்த்துத் தகட்டில் கீறினேன். "கண்ணாடியில் பார்த்துக் கீறு" என்று ஆசிரியை சொன்னாள். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு நேராகப் பார்த்தே கீறி முடித்தேன். ஊசி பிடித்திருந்தது என் இடக்கை. ஆனால் சோறு போடுகிற கை வந்தபோது, அதுகூடப் பயந்து, ஒழுங்காக ஒவ்வொரு பெண்ணுக்கும் வலக்கையைத்தான் கீறியது. அச்செடுத்தோம். சோற்றில் இருந்து எழும்பும் ஆவி வெறும் காகிதமாக வெள்ளை வெளேரென்று நின்றது. அச்சுக்கூடம் முழுக்கக் கை தட்டியது. அங்கே ஒருவர் கண்ணுக்கும் குறை தெரியவில்லை. எனக்கும்தான்.

பங்கு மண்டபத்தில் அதை விரித்த உடனே அண்ணை குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"என்ன பிள்ளை இது? எல்லாரும் பீச்சைக்கையாலை எல்லோ சோறு போடுகினம்!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மச்சாள் வாயில் கையை வைத்தா. அச்சில் திரும்பிவிடும், அந்தக் காலத்துப் பெரிய பெரிய ஓவியர்களின் படத்திலேயே மேற்றிராணியார் இடக்கையால் ஆசீர்வாதம் கொடுக்கிறார் என்று விளக்கினேன்.

"விழுந்தாலும் மீசையிலை மண் ஒட்டேல்லை எண்ட கதைதான்" என்றார் அண்ணை.

"எனக்கு மீசை இல்லை அண்ணை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு விஷயம் எனக்கு அன்றைக்கே உறுத்தியது. கை மாறினால் சேலையும் மாறும்தானே? அத்தனை பெண்களுக்கும் முந்தானை வலத்தோளில் கிடந்தது. அது ஒரு ஆம்பிளைக்கும் தெரியவில்லை, பொம்பிளைகளுக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் கை மட்டும்தான் தெரிந்தது.

"ஒண்டும் யோசியாதையும். ஃபோனிலை ஒரு தட்டுத் தட்டினால் படம் திரும்பியிடும். திருப்பிப் போடுவம்" என்றார் அவர்.

உள்ளதைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "சரி அண்ணை, பேந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தோடு முடிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அச்சுக்கூடம் முடிந்து மகளை ஏற்ற மச்சாள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை மேசையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப் போலத்தான், இடக்கைக்காரி. வீட்டில் நான் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அன்று அவளுடைய இடக்கையில் பனிக்கு விளையாடப் போடும் தடித்த சிவப்புக் கையுறை. வெளியே பனியெல்லாம் உருகி ஓடுகிற காலம். வீட்டுக்குள் இருந்து சோறு சாப்பிடுகிற பிள்ளைக்கு எதற்குக் கையுறை?

"இதென்ன, குஞ்சு?"

"இது பிழைக் கை, அம்மா. இது நித்திரை. எழுப்பக் கூடாது" என்றாள் பிள்ளை. மெல்லிய குரலில் சொன்னாள், உண்மையிலேயே ஏதோ நித்திரை கொள்வது போல. வலக்கையால் அள்ளிய சோற்றில் பாதி சட்டையில் கிடந்தது.

கையுறையை இழுத்துக் கழற்றினேன். உள்ளே அந்தச் சின்னக் கை வேர்த்துப் போய் இருந்தது.

"நான் அடிக்கேல்லை, ஏசேல்லை. விளையாட்டாத்தான் பழக்கிறன்" என்றா மச்சாள். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நன்மை எடுக்கேக்கை இந்தக் கையை நீட்டினால் சனம் என்ன சொல்லும்? உம்மடை படத்தைப் பாத்திட்டே, தாயும் அப்பிடி, மகளும் அப்பிடி எண்டு கதைக்கினம்."

"கதைக்கட்டும் மச்சாள்."

"உமக்கென்ன, சொல்லிப்போட்டுப் போவீர். கேக்கிறது நான். எங்கடை பிள்ளையைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கப்படாது."

அவவின் கண் கலங்கி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அடித்தவர்களோடு சண்டை பிடிக்கலாம். பிள்ளைக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலைப் பொரித்து வைத்துவிட்டு, அன்போடு கையுறை போட்டுவிடுகிறவவோடு என்ன சண்டை பிடிப்பது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காரில் வரும் வழியில் அவள் இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் இருந்துகொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "படத்தைத் திருப்ப வேண்டாம் அண்ணை. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சுக் கொண்டு வாறன்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளையை மச்சாள் வீட்டில் இறக்கவில்லை. அச்சுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தகட்டை எடுத்து வைத்து, சுரண்டும் கத்தியை எடுத்தேன். முன் மேசையில் இருந்து சாப்பிட்ட விழாக் குழுவை, கோட்டும் வேட்டியும் மீசையுமாக, சுரண்டத் தொடங்கினேன். செம்பு அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்காது. தோள் மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. தேய்த்து, மினுக்கி, திரும்ப மெழுகு பூசினேன். பிள்ளையை ஒரு முக்காலியில் இருத்தி, வீட்டில் இருந்து கொண்டு வந்த சோற்றுப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன்.

"எந்தக் கையாலை அம்மா?"

"உனக்கு எந்தக் கை விருப்பமோ, அந்தக் கை" என்றேன்.

அவள் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. தாடிக்காரர் ஒருவர் மை குழைத்துக்கொண்டிருந்தார், ஆசிரியை சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இடக்கை மெதுவாகப் பெட்டிக்குள் போனது. முதல் நாளே வைக்கச் சொன்ன கண்ணாடியை இப்போதுதான் நான் வைத்தேன். அவளைக் கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்துக் கீறினேன். அப்படிக் கீறினால்தான் அச்சில் அவளுடைய இடக்கை இடக்கையாகவே வரும். பெண்களின் கை என் பிழையால் மாறியது. இவளுடைய கையை நான் வேண்டுமென்றே கீறினேன். இனி யாராவது ஃபோனில் தட்டித் திருப்பினால் பெண்கள் எல்லோரும் சரியாகிவிடுவார்கள், என் பிள்ளை மட்டும் பொய்யாகிவிடுவாள்.

பெண்களின் பழைய கோடுகளை வார்னிஷால் மூடி, தகட்டை அமிலத்தில் போட்டோம். பிள்ளையின் முகத்தையும் அந்தக் கையையும் சீக்கிரம் எடுத்து வார்னிஷ் பூசினேன். சுற்றி உள்ள இருட்டை நன்றாக அரிக்க விட்டேன். அச்சு வந்தபோது முன்னால் வெளிச்சத்தில் ஒரு சின்னப் பிள்ளை இடக்கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், போன குழுவினரின் சில மீசைகள் மெல்லிசாக மிதந்தன. "அதையும் தேய்த்துவிடலாமா?" என்று ஆசிரியை கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அண்ணை இந்த முறை நீண்ட நேரம் குனிந்து பார்த்தார்.

"எங்கடை மேசையைக் காணேல்லையே, பிள்ளை?"

"இருக்கு அண்ணை. வடிவாப் பாருங்கோ, மெல்லிசாத் தெரியும்."

"உமக்கு விசரே?"

"ஓம் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. போடுறதெண்டால் இப்பிடியே போடுங்கோ, திருப்பக் கூடாது. இல்லாட்டி வேண்டாம்."

வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தார்கள். விழா மலரின் அட்டையில் ரோசாப் பூப் போட்டார்கள். ரோசாப் பூவுக்கு எந்தக் கையும் இல்லை, அவர்களுக்கும் நிம்மதி. படத்தைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே நானே ஆணி அடித்து மாட்டினேன். வந்து போகிற ஒவ்வொருவரும் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுக் கறி நன்றாக இருக்கிறது என்பார்கள்.

ஆனால் படம் போனால் போகட்டும், முதல் நன்மை எடுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரப் போகிறதே என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நன்மையைக் கையில் வாங்கும்போது இடக்கை மேலே, வலக்கை கீழே. குருவானவர் இடது உள்ளங்கையில் அப்பத்தை வைக்க, வலக்கையால் எடுத்து வாயில் போட வேண்டும். இடக்கைக்காரர் மாற்றிப் பிடிக்கலாம், ஒரு சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் ஒத்திகையில் என் பிள்ளை மாற்றிப் பிடித்தபோதெல்லாம் மச்சாள் வந்து கையைத் திருப்பி வைத்தா. "வீட்டிலை என்னவும் செய்யும். கோயிலிலை நான் சொன்னபடி" என்றா என்னிடம். என் கணவரோ, "ஒரு நிமிஷ விசயம் எல்லோ, விடுமன்" என்றார். ஒரு நிமிஷ விசயமாம்! எனக்கும் அப்படி ஒரு நிமிஷத்தில்தான் தொடங்கியது.

வெள்ளைச் சட்டை போட்டுவிடும்போது பிள்ளை கேட்டாள், "அம்மா, ஃபாதருக்கு முன்னாலை எந்தக் கை?"

இடக்கை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நான் கட்டளை போட்டால் அதுவும் ஒரு அடிமட்டம்தானே. "உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். பூசை முழுக்க இரண்டு கைகளையும் மடியில் பூட்டி வைத்துக்கொண்டு இருந்தாள்.

பிள்ளைகள் வரிசையில் போனார்கள். மச்சாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தா. என் பிள்ளையின் முறை வந்தது. இடக்கையை மேலே வைத்து நீட்டினாள், மச்சாள் சொல்லிக்கொடுத்தபடி. அப்படியென்றால் எடுத்து வாயில் போடப் போவது வலக்கை. குருவானவர் அப்பத்தைத் தூக்கினார். அந்த நேரத்தில் அவள் கைகளைப் பின்னுக்கு இழுத்தாள். குருவானவர் காத்துக்கொண்டு நின்றார். மச்சாள் ஒரு அடி முன்னால் வந்தா. பிள்ளை மச்சாளை நிமிர்ந்து பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள். பிறகு கைகளை மாற்றி, வலக்கையை மேலே வைத்து நீட்டினாள். அப்பம் வலது உள்ளங்கைக்கு வந்தது. அவள் அதை இடக்கையால் எடுத்து வாயில் வைத்தாள். "ஆமென்" என்றாள், கோயில் முழுக்கக் கேட்கும்படி. குருவானவர் அதற்குள் அடுத்த பிள்ளையைப் பார்த்துக் குனிந்துவிட்டார்.

எங்களுக்குப் பின் வரிசை வாங்குப் பலகையில் இருந்த அண்ணை செருமினார். யாரோ யாரிடமோ ஏதோ குசுகுசுத்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஓம், அழுதேன், கோயிலுக்குள் இருந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி. பிள்ளை வந்து எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதுக்குள் வாயை வைத்தாள்.

"ஃபாதர் ஒண்டுமே சொல்லேல்லை, அம்மா."

"சொல்லிப் பாக்கட்டும்" என்றேன் நான், பின் வாங்குக்கும் கேட்கும்படி.